ஒரு சொல்லின் சரித்திரம்



இற்றைக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், ஆங்கில ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிச் சென்றமையால் அவருடைய வகுப்பும் என் தலையிற் சுமத்தப்பட்டது. நானோ சரித்திரம் கற்பிக்க வந்தவன். ஒருநாட் காலை, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, கொப்பியின் ஓரத்திலே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்த ஓர் ஆங்கிலச் சொல்லைக் காட்டி, "சேர், இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்று வினவினான். அவன் எழுதியிருந்தது "இன்பச்சுவேஷன்" என்பதாகும்.

இன்பமும் சுவையும் ஒருங்கே அமைந்த அந்த எழுத்துக்கூட்டைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பும் சிரித்தது. "தம்பி, அது இன்பச் சுவை அன்று, இன்ஃபச்சுவேஷன். மடத்தனமான ஆசை என்று பொருள்" எனச் சொல்லிக் கரும்பலகையிலும் எழுதிவிட்டேன். வகுப்பு இன்னும் ஒருமுறை சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அதன் காரணத்தை நான் அறியச் சில நாட்கள் சென்றன. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

அகராதி கூறும் பொருளை நான் பிழையின்றிச் சொன்னேன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சொல்லின் வரலாற்றை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அவ்வளவு விரைவில் சிரித்திருக்க மாட்டேன். அந்த வரலாற்றையே இன்று தங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இச்சொல்லின் பிறப்பிடம் இலத்தீன் மொழி. அம்மொழியில் "ஃபத்துவுஸ்" என்றால் மூடன். "இன்" என்னும் முன்னொட்டைச் சேர்த்து "இன்ஃபத்துவாரே" என்று வினையாக்கினால், ஒருவனை மூடனாக்குதல் என்று பொருள்படும். கொழுப்பைக் குறிக்கும் "ஃபட்" என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. விதியைக் குறிக்கும் "ஃபேற்" என்பதோடு இதனை இணைத்துப் பரீட்சைத் தாளில் எழுதிய மாணாக்கரையும் கண்டிருக்கின்றேன். அவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. றோமாபுரியின் பழைய நூலோர் சிலரே, தெய்வ ஆவேசம் வந்து குறி சொல்வோரையும் மூடரையும் இச்சொல்லின் வழியே ஒன்றுசேர்த்துப் பேசியிருக்கின்றனர். காட்டுத் தெய்வமாகிய ஃபௌனுஸ் என்பவனுக்கு "ஃபத்துவுஸ்" என்றும் ஒரு பெயர் வழங்கிற்று. ஆவேசக்காரன் பேச்சும் பித்தன் பேச்சும் கேட்போர் காதுக்கு ஒன்றுபோலத் தோன்றியிருக்கும் போலும்.

இனி நான் சொல்லப்போவதே எனக்கு மிகுந்த வியப்பை அளித்தது. "ஃபத்துவுஸ்" என்னும் சொல்லுக்கு அறிவில்லாதவன் என்ற பொருளோடு, சுவையில்லாதது என்ற பொருளும் இருந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்ஷியல் என்னும் புலவன், தொழிலாளரின் எளிய உணவாகிய பீற்கிழங்குக் கீரையைப் பற்றிப் பாடுமிடத்து இந்த அடைமொழியையே அதற்குச் சூட்டுகின்றான். கீரைக்கு அறிவில்லை என்பது அவன் கருத்தன்று. நாவுக்குச் சுவையில்லை என்பதே. மறுதலையாக நோக்கின், "சப்பெரே" என்னும் இலத்தீன் வினைக்குச் சுவைத்தல், சுவையுடைத்தாதல், அறிவுடையனாதல் என்று மூன்று பொருளும் உண்டு. 1758இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்து விஞ்ஞானி மனித இனத்துக்கு "ஹோமோ சேப்பியன்ஸ்" என்று பெயரிட்டபோது எடுத்தாண்டது இச்சொல்லின் வழிவந்த வடிவமேயாகும். சப்பென்று இருப்பதை ஆங்கிலத்தில் "இன்சிப்பிட்" என்பதும் அதே வேரினின்று முளைத்ததே. பழைய றோமனுக்கு அறிவென்பது நாவின் நுனியில் நின்றது. சுவை பிரித்தறியத் தெரிந்தவன் அறிஞன், சுவை கெட்டது மூடம்.

நாமும் "உப்புச் சப்பில்லாத பேச்சு" என்கிறோமல்லவா? நம் "சப்பு"க்கும் இலத்தீனின் "சப்பெரே"க்கும் ஒலி ஒத்திருப்பதைக் கண்டு, இரண்டும் உறவென்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஒலி ஒற்றுமை உறவு ஆகாது. சொல்லாராய்ச்சியில் இறங்குவோர் பலர் இந்தக் குழியிலேயே வீழ்கின்றனர்.

உப்பைப் பற்றிச் சொன்னேன். மலைப்பிரசங்கத்தில் உப்பு சாரமற்றுப் போவதைப் பற்றிய வசனம் எல்லோரும் அறிந்ததே. மத்தேயுவின் சுவிசேஷத்துக் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தே வரும் வினைச்சொல்லின் நேர்ப்பொருள் "மூடமாதல்" என்பதாகும். உப்பு மூடமாயிற்றாம்! ஜெறோம் முனிவருக்கு முற்பட்ட பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள், இதனை அப்படியே பெயர்த்து, "இன்ஃபத்துவாரே" என்னும் நம் சொல்லின் வடிவத்தையே வைத்தனர். ஆகவே இன்று காதல் மயக்கத்துக்கு வழங்கும் இச்சொல், ஒரு காலத்தில் கெட்டுப்போன உப்புக்கு வழங்கியது. வெளுத்து மங்கிப் போதலைக் குறிக்கும் "ஃபேட்" என்னும் ஆங்கிலச் சொல்லும், பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக இதே குடும்பத்தினின்று வந்ததாகவே அறிஞர் பலர் கருதுவர்.

இதனோடு ஒத்த கதை இன்னொரு சொல்லுக்கும் உண்டு. அன்பும் பிரியமும் உடையவனை ஆங்கிலத்தில் "ஃபொண்ட்" என்பர். இன்று அது இனிய சொல். ஆயினும் 14ஆம் நூற்றாண்டில், விக்ளிஃப் காலத்து ஆங்கில எழுத்துக்களிலே, அதுவும் சாரமற்ற உப்பைக் குறிக்க வந்திருக்கின்றது. மூடன் என்னும் பொருளிலும் பெருவழக்காய் இருந்தது. மூடத்தனமான அன்பு என்று ஆகி, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெறும் அன்பு என்று கனிந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் முதிய லியர் அரசன், தன் மகள் கோர்டீலியாவின் முன்னே தன்னைத் தானே இச்சொல்லாற் குறிப்பிடும்போது, மூடன் என்ற பழம்பொருள் இன்னும் உயிரோடிருக்கின்றது. பித்துக்கொண்டு நேசித்தலைக் குறிக்கும் "டோட்" என்னும் வினையும் முதலில் அறிவு தடுமாறுதலையே குறித்தது. நடு வேனிற் கனவு என்னும் நாடகத்தில், மலர்ச்சாறு கண்ணிற் பிழியப்பட்ட தேவதைகளின் அரசி, கழுதைத் தலை பொருந்திய நெசவாளனை நேசிப்பதற்கு அந்தச் சொல்தான் வருகின்றது.

இவ்வாறு பார்த்தால், ஒரு சொல் மூடத்தினின்று அன்புக்கு ஏறிற்று. மற்றொரு சொல் மூடத்திலேயே நின்றுவிட்டது. ஏன் ஒன்றுக்கு மன்னிப்புக் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை என்பதை எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை.

இனி நம் சொல் இங்கிலாந்துக்கு வந்த வரலாற்றைப் பார்ப்போம். 1530களில் அது வினைச்சொல்லாக ஆங்கிலத்திற் புகுந்தது. அப்போது காதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருவனுடைய ஆலோசனையை மடமையாக்கிப் பயனிலதாகச் செய்தல் என்பதே பொருள். இப்பொருளுக்குப் பின்னணியாக வேதாகமக் கதையொன்று நிற்கின்றது. தாவீது அரசனுக்கு எதிராக அவன் மகன் அப்சலோம் கலகஞ் செய்கின்றான். மதிமிக்க ஆலோசகனாகிய அகித்தோப்பேல் கலகக்காரர் பக்கம் சேர்ந்துவிட்டான் என்று கேட்ட தாவீது, அவனுடைய ஆலோசனையைப் பைத்தியமாக்கும்படி தேவனை வேண்டுகின்றான். ஜெறோமின் இலத்தீன் வேதாகமத்தில் அவ்வேண்டுதலில் வரும் சொல் "இன்ஃபத்துவா" என்பது. வேண்டுதல் பலித்தது. அகித்தோப்பேல் சொன்ன நல்ல யோசனையைத் தள்ளிவிட்டு, தாவீதின் நண்பனாகிய ஊசாய் சொன்ன யோசனையை அப்சலோம் ஏற்று அழிந்தான். அகித்தோப்பேல் தன் ஊருக்குப் போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டு, நான்றுகொண்டு இறந்தான்.

இக்கதையில் மூடனாக்குபவன் யார்? இறைவன். மூடனாக்கப்படுபவன் ஓர் அரசன், அல்லது மந்திரி, அல்லது ஒரு தேசம். அழிக்க நினைத்தவனின் மதியைத் தெய்வம் முதலில் அழிக்கும் என்ற எண்ணம் கிரேக்கருக்கும் இருந்தது. கெடுமதி கண்ணுக்குத் தோன்றாது என்று நம் ஊரிலும் சொல்வதுண்டு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இச்சொல் காதற் பக்கம் சாயத் தொடங்கிற்று. மூடனாக்குபவள் இப்போது ஒரு பெண்ணாகவும் இருக்கலாயினாள். 1640களில் "இன்ஃபச்சுவேஷன்" என்னும் பெயர்ச்சொல்லும் வழக்கில் வந்துவிட்டது. பின்னர் மெல்ல மெல்ல இறைவனும் மறைந்தான், பெண்ணும் மறைந்தாள். மூடன் மட்டும் மிஞ்சினான். ஆங்கிலேயர் இன்றும் இதனைச் செயப்பாட்டு வினையாகவே வழங்குகின்றனர். ஒருவன் மூடனாக்கப்பட்டான் என்றே அவர்கள் இலக்கணம் சொல்கின்றது. ஆக்கியவர் எவர் என்று எவரும் கேட்பதில்லை. குற்றம் முழுவதும் அகப்பட்டுக்கொண்டவன் மேலேயே விழுந்துவிட்டது.

1755ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கலாநிதி சாமுவேல் ஜோன்சன் தமது பேரகராதியை இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த அகராதியிலே நம் சொல்லுக்கு அவர் தரும் விளக்கம், மடமையாலே தாக்குதல், மதியை இழக்கச் செய்தல் என்ற அளவில் அமைகின்றது. காதல் என்ற பேச்சே அங்கில்லை. இதனைப் படித்தபோது ஜோன்சனுடைய சொந்த வாழ்க்கை என் நினைவுக்கு வந்தது.

ஜோன்சன் 1735இல் மணஞ்செய்தார். அப்போது அவருக்கு வயது 25. மணமகள் எலிசபெத் போர்ட்டர், பர்மிங்ஹாம் நகரத்து வணிகர் ஒருவரின் விதவை, மூன்று பிள்ளைகளின் தாய், வயது 46. மணமகனோ கண்டமாலை நோயினால் முகத்தில் வடுப்பட்டவர், உடல் காரணமின்றி வலித்து ஆடும், கையிற் பொருளில்லை, பட்டமும் பெறாமற் பல்கலைக்கழகத்தை விட்டவர். ஊரார் என்ன சொல்லியிருப்பர் என்று நான் விளக்க வேண்டுவதில்லை. அவ்வம்மையாரோ, முதன்முறை அவருடன் உரையாடிய பின்னர், தாம் கண்ட மனிதருள் மிக அறிவுடையவர் இவரே என்று தம் மகளிடம் கூறினாராம். எல்லோரும் முகத்தைப் பார்த்த இடத்தில் அவர் அறிவைப் பார்த்தார்.

மனைவியின் பணத்தைக் கொண்டு லிச்ஃபீல்ட் நகரத்துக்கு அண்மையில் எடியல் என்னும் ஊரிலே ஜோன்சன் ஒரு பாடசாலை தொடங்கினார். மாணாக்கர் ஒரு சிலரே. அவருள் ஒருவன் டேவிட் கரிக். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த நடிகனாக விளங்கியவன். அந்தப் பையன்கள் ஆசிரியரின் அறைக் கதவிலே காதை வைத்துக் கேட்பார்களாம். திறவுகோல் துவாரத்தினூடே எட்டிப் பார்ப்பார்களாம். ஆசிரியர் தம் மனைவியைக் கொஞ்சும் விதத்தைக் கரிக் நடித்துக் காட்ட, மற்றையோர் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். பெரியவனாகிப் புகழ் பெற்ற பின்னும் அந்த நடிப்பை லண்டன் நகரத்து விருந்துகளிலே அவன் நடித்துக் காட்டினான் என்று பொஸ்வெல் எழுதியிருக்கின்றார். மாணாக்கன் ஆசிரியரைப் பழித்துக் காட்டுவது எக்காலத்துக்கும் உரியதே. அதிபர் என்ற முறையில் எனக்கும் அந்த அனுபவம் நிரம்ப உண்டு.

பாடசாலை ஈராண்டும் நிலைக்கவில்லை. 1737இல் ஜோன்சனும் கரிக்கும் ஒருங்கே லண்டனுக்குப் புறப்பட்டனர். எலிசபெத் 1752இல் இறந்தார். அகராதி வெளிவர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அதன்பின் ஜோன்சன் 32 ஆண்டுகள் உயிரோடிருந்தார், மறுமணஞ் செய்யவில்லை. மனைவியின் மண மோதிரத்தைச் சிறிய மரப்பேழை ஒன்றில் இட்டுப் பாதுகாத்து வந்தார். அவள் மறைந்த நாளை ஆண்டுதோறும் பிரார்த்தனையோடு நினைவுகூர்ந்தார். இருவருக்கும் இடையே நிகழ்ந்தது காதல் மணமே என்று நண்பரொருவரிடம் அவர் உறுதியாகக் கூறியதும் பதிவாகியுள்ளது. திறவுகோல் துவாரத்தினூடே பார்த்த பையன்களுக்கு அது பைத்தியமாகத் தோன்றிற்று. முப்பத்திரண்டு ஆண்டு துக்கத்தைத் துவாரத்தினூடே பார்க்க இயலாது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையையும் சொல்லவேண்டும். இல்லையேல் நான் ஒருபக்கம் சாய்ந்து பேசியவனாவேன். வில்லியம் ஹஸ்லிற் ஆங்கில உரைநடையின் பெருமக்களுள் ஒருவர். கட்டுரை எழுத விரும்பும் இளைஞர்கள் அவரைக் கட்டாயம் படிக்கவேண்டும். 1820ஆம் ஆண்டில், மனைவியைப் பிரிந்திருந்த அவர், லண்டனில் ஹோபோர்ன் பகுதியிலே வாக்கர் என்னும் தையற்காரரின் வீட்டில் வாடகைக்கு அறை எடுத்தார். அவ்வீட்டுப் பெண் சாரா காலையுணவைக் கொண்டுவந்தாள். அறையை விட்டுச் செல்லுமுன் திரும்பி நோக்கினாள். அவ்வளவே. 42 வயதினர்; நாடறிந்த விமரிசகர்; பிறர் எழுத்திலுள்ள பொய்ம்மையை ஒரு பார்வையில் கண்டுபிடிக்க வல்லவர். அப்பெண்ணுக்கு ஏறத்தாழ 19 வயது.

சாராவை மணப்பதற்காகவே அவர் ஸ்கொத்லாந்து சென்று, 1822இல் மணவிலக்குப் பெற்றார். தாம் பெரிதும் போற்றிய நெப்போலியனின் சிறு வெண்கலச் சிலையொன்றை அவளுக்குப் பரிசளித்திருந்தார். பின்னொருநாள் வெறிகொண்டு அதனை நிலத்தில் எறிந்து உடைத்தார். இறுதியில், அவள் அதே வீட்டில் இருந்த வேறோர் இளைஞனுடன் வீதியில் நடந்துசெல்வதைக் கண்ணாற் கண்டார். 1823இல் எல்லாவற்றையும் ஒரு நூலாக எழுதிப் பெயரில்லாமல் வெளியிட்டார். பெயர் மறைந்திருக்குமா? எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அவரைக் கிழித்தெறிந்தன. அவர் பெயருக்கு ஏற்பட்ட களங்கம் அவர் இறக்கும்வரை நீங்கவில்லை.

அகராதி கூறும் மடமைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆயினும் அவருடைய தலைசிறந்த கட்டுரைகள் சில, மணவிலக்குக்காக ஸ்கொத்லாந்து விடுதியிற் காத்திருந்த அந்த நாட்களிலேயே எழுதப்பட்டன. மதி முழுவதும் போய்விட்டது என்று எவ்வாறு சொல்வது? என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இக்கதை முழுவதையும் ஹஸ்லிற்றே நமக்குச் சொல்கின்றார். தட்டேந்தி வந்த அந்தத் தையற்காரர் மகள் என்ன நினைத்தாள் என்பதை அவள் ஓர் இடத்திலும் எழுதி வைக்கவில்லை. வேண்டாத அன்பை நாள்தோறும் எதிர்கொள்வது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? தந்தையின் வீட்டில் வாடகை தருபவர் மேல் கதவைச் சாத்தவும் அவளால் இயலாது.

ஆங்கிலேயர் மட்டுமே காதலையும் மடமையையும் ஒரு முடிச்சில் கட்டியவர் என்று எண்ணிவிடலாகாது. "மோகம்" என்று நாம் சொல்கின்றோம். "மூடன்" என்றும் சொல்கின்றோம். இரண்டும் வடமொழியில் "முஹ்" என்னும் ஒரே தாதுவினின்று பிறந்தவை. மதி கலங்குதல் என்பது அதன் பொருள். அதே தாதுவினின்று பிறந்த "முக்த" என்னும் சொல்லோ, மதிமயங்கியது, பேதைமை உடையது என்பதோடு அழகியது என்றும் பொருள்படும். நம் சொந்தச் சொல்லாகிய "மையல்" என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி காம மயக்கம், பித்து, யானையின் மதம் என்று பொருள்கள் தருகின்றது. இவற்றுள் யானையின் மதத்தை நான் பெரிதும் விரும்புகின்றேன். மதங்கொண்ட யானையை எவரும் மூடன் என்று ஏசுவதில்லை. அதற்கு ஒரு காலம் உண்டு, அது கழியும் என்று பாகன் அறிவான். சங்கிலியை இறுக்கிவிட்டுத் தூர நிற்பான்.

அண்மைக் காலத்தில் இத்துறையிற் புதுச் சொல் ஒன்றும் தோன்றிற்று. டொரொதி டெனோவ் என்னும் அமெரிக்க உளவியற் பேராசிரியை, பலரிடம் அவர்தம் காதல் அனுபவங்களைக் கேட்டறிந்து, 1979இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒருவரைப் பற்றிய நினைவு விட்டகலாமல் மனத்தைப் பற்றிக்கொள்ளுதல், அவர் தம்மை ஏற்பாரோ மாட்டாரோ என்று ஒவ்வோர் அசைவிலும் குறி தேடுதல் ஆகிய நிலைக்கு "லிமரன்ஸ்" என்று அவர் பெயரிட்டார். இச்சொல்லுக்கு வேரே கிடையாது, தாமே ஆக்கியது என்று வெளிப்படையாகக் கூறிவிட்டார். வேருள்ள சொற்களிலெல்லாம் பழி ஏறியிருப்பதைக் கண்டே, பழியற்ற வெறுஞ்சொல்லை அவர் தேடினார் போலும். சொற்களின் வேரைத் தோண்டுவதில் இன்பங் காண்பவனாகிய எனக்கு அது சற்று ஏமாற்றமே.

இனி அந்த மாணவனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் பக்கத்து வகுப்பு மாணவி ஒருத்திக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். அக்கடிதம் அவளுடைய தமக்கையின் கையில் அகப்பட்டது. அந்த அக்கா அதனைக் கிழிக்கவில்லை; முறையிடவுமில்லை. மேலே சிவப்பு மையினால் ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டாள். அதனை வாசித்து உச்சரிக்கத் தெரியாமல், ஒரு நண்பனிடம் கேட்டு, காதில் விழுந்தபடி கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். தனக்கு வந்த மறுமொழியின் பொருளை அறியவே வந்தான். நாற்பது பேர் முன்னிலையில் நான் அதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அடுத்த தவணை அவன் வரவில்லை. விடுகைப் பத்திரம் பெற்று வேறு பாடசாலைக்குப் போய்விட்டான் என்று அறிந்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், ஆறாம் ஆண்டு அனுமதிக்காகத் தம் மகளை அழைத்துக்கொண்டு ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது அந்தக் கையெழுத்தை நான் அடையாளங் கண்டேன். "ச"கரத்தின் வளைவு மாறவேயில்லை. கடிதத்தைப் பற்றி அவரே பேச்சை எடுத்துச் சிரித்தார். அந்தப் பெண்ணின் முகம் இப்போது சரியாக நினைவில்லை என்றார். சிவப்பு மையும் நினைவிருந்தது, வகுப்பின் சிரிப்பும் நினைவிருந்தது. பின்னர் அவர் சற்றுத் தயங்கி, "சேர் இப்பவும் இங்கிலீஸ் படிப்பிக்கிறீங்களோ?" என்று கேட்டார். இல்லை, நிருவாகத்துக்கே நேரம் போதவில்லை என்றேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். படிவத்தில் ஒப்பமிட்டு, முத்திரை குத்தி, அவர் கையிற் கொடுத்தேன்.